விராலடிப்பான் அளவுக்கு ஒரு காயம்

வேலங்காட்டு ஏரிக்கு வெளிநாட்டுப் பருந்து வந்து பல வருஷம் ஆச்சு. அதுங்களை வரவேற்கிற விழா மட்டும் ஒரு வருஷமும் தவறினதில்ல. அந்த விஷயத்துல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். அவ்வளவு ஒழுங்கா நடத்துவாங்க.

நான் ராஜவேல். ரெட்டியார்பாளையம் சிக்னல் பக்கத்துல ஆட்டோ ஓட்டுறேன். அங்கேருந்து விழுப்புரம் ரோட்டுல கொஞ்ச தூரம் போயி உள்ள திரும்பினா ஏரி வரும். கரை முழுக்க வேலமரமும் புங்கமரமுமா ஒரு காடு. குளிருக்கு வடக்கேருந்து பருந்துங்க வந்து எறங்குற எடம்னு அதைச் சரணாலயமாக்கி, ஒரு கழகத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க. வேட்டைப்பறவைகள் மரியாதைக் கழகம். பேருல மரியாதை இருக்கறதால எதுக்கெடுத்தாலும் மரியாதைதான்.

மொத வருஷம் பருந்துங்க மரத்துல வந்து உக்காந்ததும், கழகத்தோட மரியாதைப் படை வரிசையா நின்னு வானத்தைப் பாத்துத் துப்பாக்கியால சுட்டாங்க. தலையில பிரெஞ்சுக்காரன் காலத்து செவப்பு கெப்பித் தொப்பி, கையில வெள்ள உறை. பெரிய மனுஷங்க வந்தா சுடறதில்லையா, அந்த முறையில. பருந்துங்க மொத்தமா எழும்பி மரக்காணம் பக்கம் போயிடுச்சுங்க. அடுத்த வருஷம் கொஞ்சமாத்தான் வந்துச்சு. கழகம் கூடிப் பேசி, போன வருஷம் செஞ்ச மரியாதை பத்தலைன்னு கண்டுபிடிச்சாங்க. துப்பாக்கியை ரெண்டு மடங்காக்கினாங்க. அதுக்கடுத்த வருஷம், மேலேருந்து பாக்கிற பருந்துக்கு அணிவகுப்பு சரியாத் தெரியணும்னு கரையோரத்து மரத்தையெல்லாம் வெட்டினாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. விழா பாட்டுக்கு நடக்குது.

கழகத்துக்கு இயக்குநர் முசியே சுப்பிரமணியன். சார்னு கூப்பிட்டா மொகம் சுருங்கிடும், பிரெஞ்சுல முசியேன்னுதான் கூப்பிடணும். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அண்ணன் தம்பி எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருக்குது. இவருக்கு மட்டும் ஏதோ கோளாறுல கெடைக்கல. அந்த ஆத்திரத்தை இந்த ஏரி மேலதான் காட்டினாருன்னு நான் நெனைக்கிறேன். பாஸ்போர்ட்டு இல்லாம நாடு விட்டு நாடு வர்ற பருந்து மேல அவருக்கு ஒரு பொறாமையும் இருந்திருக்கும்.

இந்த வருஷம் பிரான்சுலேருந்து பறவை ஆர்வலர்னு ஒரு குழு விழாவுக்கு வர்றதா இருந்துச்சு. அதே நேரத்துல மேலிடத்துலேருந்து, வெளிநாட்டுப் பறவை ஒண்ணாவது வந்ததுக்கு ஆதாரம் காட்டுங்க, இல்லன்னா கழகத்தைக் கலைச்சுடுவோம்னு சொல்லிட்டாங்க. முசியே தூக்கம் இல்லாமக் கெடந்த அந்த வாரத்துலதான் எங்க மாமா மீன் வாங்கிக்கிட்டு ஏரிக்கரை வழியா வந்தாரு.

மாமான்னா எங்க அக்கா சுலோசனாவோட புருஷன் மண்ணாங்கட்டி. முன்னாடி பொறந்ததெல்லாம் தங்காமப் போனதால, இதாவது நிக்கட்டும்னு வச்ச பேரு. ஏரிக்குக் கீழ கொஞ்சம் நெலம், லாஸ்பேட்டையில ஒரு காலேஜுல தோட்ட வேலை. அவருக்குச் சின்ன வயசுலயே வலது கண்ணுல பூ விழுந்துடுச்சு. அதுல வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். நாத்தப் பாக்கிறது, ரோடு தாண்டுறது, அக்கா மொகத்தப் பாக்கிறது எல்லாமே இடது கண்ணுதான். அந்த ஒரு கண்ண வச்சுக்கிட்டு அந்த மனுஷன் யாரு வம்புக்கும் போனதில்ல.

அன்னிக்குத் தவளக்குப்பத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு, வர்ற வழியில சங்கரா மீன் வாங்கியிருக்காரு. சைக்கிள் கேரியர்ல தவிட்டு மூட்டை. கரை மேட்டுல வண்டியத் தள்ள ரெண்டு கையும் வேணும். அதனால மீன் கவரைப் பல்லுல கடிச்சுக்கிட்டாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். ஊர்ப் புளியமரத்துக் கள்ளப்பருந்து ஒண்ணு மேலேருந்து பாத்து, கவருக்குன்னு எறங்கிச்சு. ஒரு கால் கவர்ல மாட்டுச்சு. இன்னொரு கால் இடது புருவத்துல மாட்டி, இமையைக் கிழிச்சுக்கிட்டு எழும்பிச்சு. மாமா சைக்கிளோட சரிஞ்சு விழுந்தாரு. மொகமெல்லாம் ரத்தம். தண்ணி வச்சுக் கழுவலாம்னு, தடவித் தடவி, பக்கத்துல இருந்த சரணாலயத்து கேட்டுக்குப் போனாரு. அங்க ஒரு கொழாய் இருக்குது.

கேட்டுல ஹரிகிருஷ்ணன் நின்னான். என்கூடப் படிச்சவன்தான். தற்காலிக வாட்சரா இருக்கான், நிரந்தரம் ஆக்குவாங்கன்னு வருஷக்கணக்கா கெப்பித் தொப்பியத் தொடச்சுக்கிட்டுக் கெடக்கிறவன்.

"இன்னா மாமா, யாரு அடிச்சா?"

"பருந்துடா. தண்ணி ஊத்து."

ஹரிகிருஷ்ணன் கொழாய் பக்கம் போகல. போனை எடுத்தான். "முசியே, வந்துடுச்சு முசியே. ஆள அடிச்சிருக்கு முசியே."

முசியே வந்து சேர்ற வரைக்கும் தண்ணி ஊத்தல. வரும்போது கழகத்து விஞ்ஞானி டாக்டர் விக்ரமும் கூட வந்தாரு, கையில பறவைப் புத்தகம், ஸ்கேலு. முசியே ரத்தத்தைப் பாத்துட்டுக் கை கூப்பினாரு. கண்ணுல தண்ணி.

"ஐயா, உங்களை அடிச்ச பறவை எந்த நாடு?"

மாமாவுக்கு மொதல்ல புரியல. "நம்ம ஊருதாங்க. புளியமரத்துல இருக்கிற கள்ளப்பருந்துங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலியில மனுஷனுக்கு நாடு மாறித் தெரியும்."

"தெனம் பாக்கிறதுதாங்க அது."

முசியே அவரை உக்கார வச்சு, பொறுமையா வெளக்கினாராம். உள்ளூர்ப் பருந்து அடிச்சா, சரணாலயத்து எல்லையில மீனைக் காட்டிப் பறவையைத் தூண்டின குற்றம். உள்ள போடலாம். வெளிநாட்டுப் பருந்து அடிச்சா, விருந்தாளியோட மொதல் ஸ்பரிசம். சால்வை போடலாம். "எது வேணும், நீங்களே சொல்லுங்க."

"தண்ணி வேணுங்க" அப்டின்னாரு மாமா.

சேதி கெடச்சு, நானும் அக்காவும் ஆட்டோவுல பறந்து போனோம். மாமா வேட்டியெல்லாம் செவப்பு. இமை ரெண்டாத் தொங்குது. டாக்டர் விக்ரம் ஸ்கேல வச்சு அளந்துக்கிட்டு இருக்காரு. அக்கா முந்தானையால தொடைக்கப் போனா, ரெண்டு கெப்பித் தொப்பி குறுக்க வந்து தள்ளிச்சு. மல்லாக்க விழுந்தா. எனக்கு வந்த கோவத்துல ஒருத்தன் சட்டையைப் புடிச்சேன். அவ்வளவுதான், தடியால கையில போட்டாங்க. வலது கையில ரெண்டு வெரல் ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

முசியே குரல ஒசத்தாமச் சொன்னாரு. "தம்பி, தப்பா எடுத்துக்காத. அந்த மனுஷன் உங்க அக்கா புருஷன்தான். தாராளமா உரிமை கொண்டாடுங்க. ஆனா அந்தக் காயம் சரணாலயத்துல கெடைச்ச தடயம். அது கழகத்துக்குச் சொந்தம். கழுவக் கூடாது, மருந்து போடக் கூடாது, எல்லையத் தாண்டி எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது."

"அப்ப மனுஷன மட்டும் நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" அப்டின்னா அக்கா.

"தாராளமா. காயத்தை வச்சுட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

மனுஷங்களைப் பாக்கிற ஆபீசுக்கு ஓடினேன். அடிச்சது பருந்துன்னா எங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னாங்க. பறவைங்களைப் பாக்கிற ஆபீசுக்கு ஓடினேன். அடிபட்டது மனுஷன்னா எங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னாங்க. கடைசியில எனக்குத் தெரிஞ்ச ஒரே கண் டாக்டரு அரீபாம்மா. ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலதான் போவாங்க வருவாங்க. சொன்னதும் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஒடிஞ்ச வெரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு அவங்களைக் கூட்டிப் போனேன்.

மாமாவை அதுக்குள்ள பறவை பாக்கிற கூண்டு மாடத்துல உக்கார வச்சு, சுத்திக் கயிறு கட்டியிருந்தாங்க. கயித்துக்கு வெளியில நின்னு, டார்ச் அடிச்சுப் பாத்தாங்க டாக்டரம்மா.

"கருவிழிக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. இப்பவே சுத்தம் பண்ணித் தையல் போட்டா கண்ணு பொழைச்சுடும். விட்டா சீழ் வெச்சு உள்ள எறங்கும். இவருக்கு இருக்கிறது இந்த ஒரு கண்ணு."

"டாக்டர், நீங்க மனுஷனுக்கு எது நல்லதுன்னு சொல்றீங்க. காயத்துக்கு எது நல்லதுன்னு யாராவது யோசிச்சீங்களா?" அப்டின்னு கேட்டாரு முசியே. "உங்க மருந்தப் போட்டா ஆறிடும். ஆறிட்டா ஆதாரம் போச்சு. ஆதாரம் போனா கழகம் போச்சு. கழகம் போனா இந்த ஏரிக்கு வர்ற பருந்துங்களுக்கு மரியாதை செய்ய யாரு இருக்கா?"

"பருந்துதான் வர்றதே இல்லையே."

"வரும்போது யாரும் இல்லன்னா எவ்ளோ அசிங்கம்?"

டாக்டரம்மா கயித்தத் தூக்கிக்கிட்டு உள்ள நொழைஞ்சாங்க. பையைப் புடுங்கி ஏரியில வீசிட்டாங்க. அவங்களைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து கேட்டுக்கு வெளியில விட்டாங்க. கண்ணாடி ஒடஞ்சு, கன்னத்துல கிழிச்சிருந்துச்சு. வண்டியில ஏறினதும், "சீக்கிரம் எப்படியாவது வெளியில கொண்டாங்க ராஜவேல், நாள் இல்ல" அப்டின்னாங்க.

மறுநாள்லேருந்து மாமாவைப் பாக்கக் கூட்டம் வந்துச்சு. ஒயிட் டவுன் சுத்த வந்தவங்க, கல்யாணம் முடிச்சு போட்டோ எடுக்க வந்தவங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. எதிர்ல பலகை வச்சாங்க: வலசை வந்த விராலடிப்பானின் கைவண்ணம். தொடாதீர்கள், உணவளிக்காதீர்கள். விராலடிப்பான்னா தண்ணியில பாஞ்சு விரால் மீனத் தூக்கற பெரிய பருந்து. உணவளிக்காதீங்கன்னு போட்டதால அக்கா கொண்டுபோன சோத்தையும் கேட்டுலயே நிறுத்திட்டாங்க.

டாக்டர் விக்ரம் மட்டும் ஒரு ஓரமா மொகம் வெளிறிப் போயி நின்னாரு. முசியே கூப்பிட்டு விசாரிச்சாரு. நான் கயித்துக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், எல்லாம் கேட்டுச்சு.

"முசியே, ஒரு பிரச்சனை. விராலடிப்பான் பிரான்சுலேருந்து இங்க வராது. சைபீரியாப் பக்கத்துலேருந்துதான் வரும்."

"வழியில பிரான்ஸ் வராதா?"

"வராது முசியே."

"வர வைங்க. வேற?"

"நகத்தோட இடைவெளி ரொம்பக் கம்மியா இருக்கு. புத்தகத்துல இருக்கிற அளவுக்கு இந்தக் காயம் பொருந்தல. இது... உள்ளூர்ப் பருந்தோட அளவு முசியே. வர்றவங்க ஸ்கேல் வச்சுப் பாப்பாங்க."

முசியே புத்தகத்தை வாங்கிப் பாத்தாரு. மாமாவைப் பாத்தாரு. மறுபடி புத்தகத்தைப் பாத்தாரு.

"இது எங்க அச்சானது?"

"லண்டன், முசியே."

"லண்டன் புத்தகத்தை நாம மாத்த முடியாது. காயத்தை மாத்தலாம் இல்ல?"

மொதல்ல நான் வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். டாக்டர் விக்ரம் படம் வரைஞ்சு குடுத்தாரு. வில்லியனூர் பக்கம் ஒரு பட்டறையில இரும்புல ஒரு கால் அடிச்சு வாங்கிட்டு வந்தாங்க. நாலு நகம், புத்தகத்துல இருக்கிற அதே வளைவு, மரப்புடி. அதுக்குப் பேரு பராமரிப்புக் கருவி. புடிக்க வேண்டியது ஹரிகிருஷ்ணன். அவன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். "உன் நிரந்தர ஆர்டர் என் மேசை மேலதான் இருக்கு" அப்டின்னாரு முசியே. கை முன்னால வந்துடுச்சு.

ரெண்டு பேரு மாமா தலையைப் புடிச்சாங்க. ரெண்டு பேரு தோளை அழுத்தினாங்க. ஹரிகிருஷ்ணன், "மாமா, அசையாத மாமா" அப்டின்னு கெஞ்சிக்கிட்டே புருவத்துக்கு மேல வச்சு இழுத்தான். மாமா கத்தின சத்தத்துல ஏரியில இருந்த நாரையெல்லாம் பறந்துச்சு. அக்கா கயித்தைத் தாண்டிப் பாஞ்சு ஹரிகிருஷ்ணன் முழங்கையில பல்லப் பதிச்சா. சதை வாயோட வந்துச்சு. துப்பிட்டு மறுபடி கடிச்சா. துப்பாக்கிக் கட்டையால அவ முதுகுல அடிச்சுப் பிரிச்சாங்க. என்னை எப்பவோ தரையில போட்டு ஒருத்தன் கழுத்துல பூட்ஸ வச்சு நின்னுட்டான். புல்லு வழியாத்தான் நான் எல்லாம் பாத்தேன்.

டாக்டர் விக்ரம் ஸ்கேல வச்சாரு. "இன்னும் கொஞ்சம் வேணும், முசியே." ஹரிகிருஷ்ணன் இன்னும் கொஞ்சம் இழுத்தான். விக்ரம் ஒரு புதருக்குப் பின்னால போயி வாந்தி எடுத்துட்டு, வாயைத் தொடச்சுக்கிட்டு வந்து மறுபடி அளந்தாரு. "இப்ப சரியா இருக்கு, முசியே."

அன்னிலேருந்து காயம் காயக் காய, தெனம் காலையில பராமரிப்பு. பத்திரிகைக்காரங்க வந்து, மனுஷனச் சித்திரவதை பண்றீங்களான்னு கேட்டாங்க. முசியேவுக்கு ரொம்ப வருத்தம். "சித்திரவதைன்னா அதுல ஒரு வெறுப்பு இருக்கணும். எங்களுக்கு அவரு மேல துளி வெறுப்பு கெடையாது. அவரை நாங்க பேரு சொல்லிக்கூடக் கூப்பிடறதில்ல, ஐயான்னுதான் கூப்பிடறோம். கருவிய ஓங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சல்யூட் அடிக்கிறோம். எங்களைவிட மரியாதையா யாரு அடிக்கிறாங்க, சொல்லுங்க பாப்போம்." சல்யூட் அடிச்சது உண்மைதான், நானே பாத்தேன்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாமா கண்ணு வீங்கி, பழுத்து, மஞ்சளா வடிய ஆரம்பிச்சுடுச்சு. காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டேன். "ராஜவேலா?" அப்டின்னு கேட்டாரு. எதிர்லதான் நிக்கிறேன். அக்கா அழல. வூட்டுக்கு வந்து, "நாளன்னிக்கு என்னை மேடையில ஏத்தி சால்வை போடப் போறாங்களாம்டா, வீரனோட மனைவின்னு" அப்டின்னா. அவ்வளவுதான் சொன்னா. மறுநாள் காலையிலயே தவளக்குப்பம் மீன் மார்க்கெட்டுக்குப் போகணும்னு வண்டிய எடுக்கச் சொன்னா.

விழா அமர்க்களமா நடந்துச்சு. பிரான்சுக்காரங்க முன் வரிசையில தொப்பி வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. மரியாதைப் படை வானத்தைப் பாத்து விடாம சுட்டுத் தள்ளிச்சு. பொகை கலைஞ்சதும் மேல பாத்தா, ஊர்க் கள்ளப்பருந்துங்க மட்டும் அதுங்க பாட்டுக்கு வட்டம் போடுது. கல்யாண வெடி, சாவு வெடி கேட்டே வளந்ததுங்க அதெல்லாம், அசையல. மாமாவை நாற்காலியில கட்டித் தூக்கிக்கிட்டு வந்து மேடை நடுவுல வச்சாங்க. தலை தொங்கிப் போச்சு. பல்லுக்கு நடுவுல ஒரு மீன் கவரைத் திணிச்சாங்க, பாக்கிறவங்களுக்குப் புரியணும்னு.

முன் வரிசையில ஒரு வயசான வெள்ளக்காரம்மா எழுந்து பிரெஞ்சுல ஏதோ கேட்டாங்க. மொகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது, இந்த ஆளுக்கு ஏன் வைத்தியம் பாக்கலன்னுதான் கேக்கறாங்க. முசியே மைக்கப் புடிச்சு எல்லாருக்கும் தமிழ்ல சொன்னாரு. "இந்தப் பெருமை எங்க நாட்டு ஆளுக்குக் கெடைக்கலையேன்னு ஏங்கறாங்க."

கைதட்டினாங்க. முசியே பேச ஆரம்பிச்சாரு.

"அன்பர்களே. ஒரு பறவைக்காக ஒரு மனிதன் கண்ணைத் தரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். அவர் தந்தாரா? இல்லை. நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம். கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒரு கழகத்துக்கு இருக்கிறது என்பதை இந்த உலகத்துக்கு முதன்முதலில் காட்டியது வேலங்காடு. என் கண்ணாக இருந்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு தந்திருப்பேன். அந்த வாய்ப்பை விதி இந்த ஏழைக்குத் தந்துவிட்டது. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு."

அப்புறம் அக்காவைக் கூப்பிட்டாங்க. அக்கா ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டோட ஏறினா. வூட்டுக்காரருக்குக் கஞ்சியாக்கும்னு யாரும் தடுக்கல. முசியே சால்வையைப் பிரிச்சுக்கிட்டு, மரியாதைக்குத் தொப்பியக் கழட்டிட்டுக் குனிஞ்சாரு. அக்கா மூடியத் தெறந்து, முழு பக்கெட்டையும் அவரு தலையில கவுத்தா. மார்க்கெட்டுல ஒரு நாள் முழுக்கச் சேத்த மீன் குடலு, செவுளு, ரத்தம். மூஞ்சி, காது, கோட்டு எல்லாம் வழியுது.

அடுத்தாப்புல நடந்ததுக்கு யாரும் சல்யூட் அடிக்கல. மேல சுத்தின பருந்துங்க ஒண்ணு மேல ஒண்ணா எறங்கிச்சு. மொதல் பருந்து காதோரத்துக் குடலோட தோலையும் சேத்துத் தூக்கிச்சு. ரெண்டாவது நெத்தியில நகத்தைப் பதிச்சுது. முசியே மைக் ஸ்டாண்டைச் சுழட்டினாரு, அது டாக்டர் விக்ரம் தாடையில பட்டுப் பல்லு தெறிச்சுது. மரியாதைப் படை துப்பாக்கியத் திருப்பிப் புடிச்சுக் கட்டையால பருந்த அடிக்கப் போயி, முசியே முதுகுல, தோள்ல, முட்டியில போட்டாங்க. பந்தல் காலு ஒடிஞ்சு முன் வரிசை மேல சாஞ்சுது. ஜனம் ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு ஏரிக்குள்ள ஓடுது. அந்த வெள்ளக்காரம்மா மட்டும் மேடையில ஏறி, மாமாவோட கட்ட அவுத்துக்கிட்டு இருந்தாங்க. நானும் அக்காவும் மாமாவைத் தூக்கி ஆட்டோவுல போட்டோம். மூணு வெரலால ஆக்சிலேட்டரத் திருகி, விழுப்புரம் ரோட்டுல எதிர்த்தாப்புல வந்தவனெல்லாம் திட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேத்தேன்.

அரீபாம்மா வெளியில வந்தப்ப கையுறையக்கூடக் கழட்டல. "கண்ண எடுக்க வேண்டியதாப் போச்சு. விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும். ஆளு பொழைச்சுக்குவாரு" அப்டின்னாங்க. அப்பதான் அக்கா அழுதா. செவுத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதா.

மறுநாள் மாமாவை வார்டுக்கு மாத்தினாங்க. பக்கத்துக் கட்டில்ல யாருன்னு பாத்தா, முசியே சுப்பிரமணியன். அடிபட்ட உடனே ஜீப்புல ஏத்திக் கொண்டாந்திருக்காங்க. நெத்தியில தையல், காதுல கட்டு, கால்ல மாவுக்கட்டு. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நகம் புருவத்தோட நின்னுடுச்சாம். படுத்துக்கிட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவரு மாவுக்கட்ட ஒடச்சிருப்பேன். ஆனா வாய் அடங்கல, கேட்டுட்டேன். "முசியே, உங்க காயமும் சரணாலயத்துல கெடைச்ச தடயம்தானே? எப்படி மருந்து போட்டாங்க?"

"நேத்து சாயங்காலமே கழகம் அவசரமாக் கூடி விதியைத் திருத்திட்டாங்க" அப்டின்னாரு. "இயக்குநர் பதவியிலயும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்க காயம் சொந்தக் காயமாக் கருதப்படும். முன் தேதியிட்டு இல்ல, அதனால உங்க மாமாவுக்குப் பொருந்தாது. வருத்தந்தான்."

அப்ப ஹரிகிருஷ்ணன் உள்ள வந்தான். முழங்கையில கட்டு. தலையில கெப்பித் தொப்பி. கையில மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. என்னைப் பாக்காம, செவுத்தைப் பாத்துப் பேசினான்.

"டாக்டரம்மாகிட்ட அந்தக் கண்ண வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கழகத்துக்குச் சேர வேண்டியதாம். மியூசியத்துல வைக்கப் போறாங்களாம்."

அக்கா எழுந்தா. மாமா தலையணையில இருந்தே கையைத் தூக்கி அவளை நிறுத்தினாரு. இத்தனை நாள்ல அவரு ஒரு வார்த்தை அதிகமாப் பேசினதில்ல. எங்க உக்கார வச்சாலும் உக்காந்தவரு. "ராஜவேலு, முசியே இங்கதான் இருக்காரா?" அப்டின்னு கேட்டாரு.

"பக்கத்துக் கட்டில்ல மாமா."

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போ."

தோளைப் புடிச்சு எழுப்பினேன். ரெண்டே அடிதான், அதுக்குள்ள கட்டில் கால்ல மோதிக்கிட்டாரு. கையால துழாவி, முசியே மார்பைக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து கழுத்து, தாடைன்னு மேல தடவிக்கிட்டுப் போனாரு. முசியே பேப்பர விட்டுட்டாரு.

"உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா?"

"தெரியுதுப்பா. கடவுள் புண்ணியத்துல."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"நல்லாத் தெரியுதுங்களா? எட்டத்துல, கிட்டத்துல?"

"நல்லாத் தெரியுதுப்பா. ஏன்?"

மாமா இடது கண்ணுல இருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்துப் போட்டாரு. நான் அதைப் பாத்தேன். அக்காவும் பாத்தா. அதைப் பத்தி எழுத எனக்கு இஷ்டமில்ல.

"அப்ப பாருங்க" அப்டின்னாரு.

முசியே கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு. மாமா ரெண்டு கட்டை வெரலையும் அவரு இமைங்க மேல வச்சு, நாத்துக்கு நடுவுல களைய விலக்கற பதத்துல, விரிச்சுப் புடிச்சாரு. மொகத்தை மொகத்துக்கிட்டக் கொண்டுபோனாரு. புதுசா ரத்தம் முசியே கன்னத்துல சொட்டிச்சு.

"பாருங்க."

"ஹரிகிருஷ்ணா" அப்டின்னு முசியே அலறினாரு. "எடுடா அவன. ஹரிகிருஷ்ணா, ஆர்டர் போடறேன்டா உனக்கு, இன்னிக்கே போடறேன்."

ஹரிகிருஷ்ணன் ஜாடியைத் தரையில வச்சான். போயி வார்டு கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டு, செவுத்தப் பாக்கத் திரும்பி நின்னுக்கிட்டான்.